வார் அறுத்த இருக்கை

மகன் பிறப்பதற்கு முன்பு நான் பார்த்த வேலை, குழந்தைச் சட்டைகளின் பட்டனை இழுத்துப் பார்ப்பது. திருப்பூரில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். வெளிநாட்டுக்குப் போகும் கைக்குழந்தை உடுப்பில் ஒரு பட்டன் கழன்று வந்தால் அது குழந்தையின் தொண்டைக்குள் போய்விடக்கூடும். அதனால் ஒவ்வொரு லாட்டிலும் சில பீஸ்களை எடுத்து, சின்னக் கருவி ஒன்றில் பட்டனைக் கவ்வவைத்து, குறித்த அளவுக்கு இழுத்து, கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்துவோம். பட்டன் கையோடு வந்துவிட்டால் லாட் நிற்கும். வராவிட்டால் லாட் போகும். ஆனால் இழுத்துப் பார்த்த அந்தப் பீஸ் மட்டும் போகாது. பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். உள்ளே நூல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைக் கத்தரியால் குறுக்கே வெட்டி வேஸ்ட் மூட்டையில் போட்டுவிடுவோம். வெட்டாமல் வைத்தால் யாராவது நல்ல பீஸ்களோடு சேர்த்துவிடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் குழந்தைக்குப் போட்டுவிடுவார்கள்.

சேர்ந்த புதிதில் வெட்ட மனசு வராது. உள்ளங்கை அகலத்தில் வாத்துப் படம் போட்ட சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் பின்னால் என் அண்ணன் மனைவிக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றது.

என் கணவர் அதே கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். நான் உண்டாகியிருந்தபோது வேலையை விட்டேன். விடுவதற்கு முந்திய வாரம், சரக்கைப் பார்வையிட வருடத்துக்கு நாலு தடவை வரும் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவாய் என்று கேட்டார். காரில் என்றேன். காரில் எங்கே என்றார். என் மடியில் என்றேன். பட்டன்களைப் பற்றி அவ்வளவு பேசுகிறவர் இதற்கு ஏன் பேசாமல் போனார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை வரும்போது சாம்பிள் பெட்டிகளோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்து என் கணவரிடம் கொடுத்தார்.

அதற்குள் ஒரு குழந்தை இருக்கை இருந்தது. கெட்டியான பிளாஸ்டிக் கூடு, மேலே சாம்பல் நிறத் துணி உறை, தோள்கள் மேலாக இரண்டு வார்கள் இறங்கி, கால்களுக்கு நடுவிலிருந்து ஏறி வரும் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். பல மொழிகளில் ஒரு கையேடும் இருந்தது. மகன் பிறந்து வீட்டுக்கு வந்த நாட்களில், அவன் தூங்கும் நேரமெல்லாம் அதன் இங்கிலீஷ் பக்கங்களைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். குழந்தை காரின் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். வாருக்கும் நெஞ்சுக்கும் இடையே ஒரு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. தடித்த உடுப்போ போர்வையோ வாருக்கு அடியில் கூடாது. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி எழுதியிருந்தது: விபத்தில் மாட்டிய இருக்கையை, வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும், திரும்பப் பயன்படுத்தாதீர்கள். இழுத்துப் பார்த்த பீஸ் என்று என் மனம் உடனே மொழிபெயர்த்துக்கொண்டது.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த அந்த வருடங்களில் ஏற்றுமதி நன்றாக நடந்தது. நல்லூரில் எங்கள் தெருவிலேயே நாலைந்து கார்கள் வந்துவிட்டன. எல்லாக் கார்களுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கார் வந்ததும் நேரே சீட் கவர் கடைக்குப் போகும். பழுப்பு ரெக்சினில், ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டு, இருக்கைக்குச் சட்டை மாட்டியதுபோல இறுக்கமாகத் தைத்து மாட்டுவார்கள். துணி ஊர்க்காரர்களுக்குத் தையலில் சுருக்கம் ஆகாது. அப்படி மாட்டும்போது பின்சீட்டு பெல்ட்டின் கொக்கிகள் துருத்திக்கொண்டு அழகைக் கெடுக்கும் என்று, அவற்றை உள்ளே தள்ளி மேலே கவரை இழுத்துவிடுவார்கள். முன்சீட்டில் போலீஸுக்குப் பயந்து பெல்ட் போடுவோம். பின்சீட்டில் பெல்ட் என்று ஒன்று இருக்கிறது என்பதே எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது.

குழந்தை இருக்கையைக் காரோடு பிணைக்க அந்தக் கொக்கி வேண்டும். நான் கவருக்குள் கைவிட்டுத் தேடினேன். உள்ளே எங்கோ நெருடியது, வெளியே வரவில்லை. தையலைப் பிரிக்க வேண்டும் என்றேன். என் கணவர் புதுக் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் ஒரு பக்கம் மட்டும் பிரிக்கச் சம்மதித்தார். இடது பக்கம், நான் முன்னால் உட்காரும் இடத்துக்குப் பின்னால், பிளேடால் தையலை நாலு விரல் நீளம் பிரித்து அந்த ஒரு கொக்கியை வெளியே எடுத்தேன். வலது பக்கத்துக் கொக்கி கவருக்கு உள்ளேயே இருந்தது. அங்கே உட்காருகிறவர்கள் பெரியவர்கள்தானே.

மகன் முதல் சில மாதங்கள் அந்த இருக்கையில் அழுதான். நல்லூரிலிருந்து டவுனுக்குள் டாக்டரிடம் போகும் சின்னத் தூரத்துக்கே தொண்டை கட்டும்வரை அழுதிருக்கிறான். மாமியார் என்னிடம் நேராக ஒன்றும் சொல்லமாட்டார், குழந்தையிடம் சொல்லுவார். "உங்கம்மாவுக்கு மடி இல்லீங்களா சாமி? கன்னுக்குட்டியக் கட்டற மாதிரி கட்டி வெச்சிருக்கறா." எனக்கும் அழுகை வரும். தூக்கிவிடலாமா, இந்த ஒரு தடவை தூக்கினால் என்ன என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தோன்றும். பிறகு வாருக்கு அடியில் விரலை விட்டுப் பார்ப்பேன், மறுபடியும் பார்ப்பேன். அவன் நெஞ்சு விம்மி விம்மி என் விரலில் இடிக்கும். நான் நல்ல அம்மாவா, பிடிவாதக்காரியா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரிந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன்.

என் அண்ணன் அவிநாசிபாளையத்தில் எங்கள் அப்பா வீட்டில் இருந்தார். சொந்தமாக ஒரு வேன் வைத்து, சுற்றுக் கிராமங்களிலிருந்து தையல் வேலைக்குப் பெண்களைக் காலையில் ஏற்றிக் கம்பெனியில் விடுவதும் சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர் தொழில். ஜாதகம், தோட்டம், அப்பாவின் சாவு என்று தள்ளித் தள்ளிக் கல்யாணம் தாமதமாகத்தான் ஆயிற்று. அண்ணியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். நங்கைக்கு ஊர் திருமுருகன்பூண்டி. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர், பெண் குழந்தை பிறந்து அங்கேயே இருந்தார். அண்ணன் வேன் வேலை முடிந்த பிறகு பூண்டிக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு, வழியில் எங்கள் வீட்டுக்கும் வந்து என் மகனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போவார்.

மகனுக்கு முடி எடுத்துக் காது குத்துவதாக முடிவாயிற்று. தாராபுரம் ரோட்டில் உள்ளே தள்ளி என் கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயில். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தோடு மாமன் வாங்குவது. உடுப்பு மாமன் எடுப்பது. அன்றைக்கு முழுவதும் அந்தக் குழந்தை மாமனுக்குச் சொந்தம் என்றே சொல்லலாம். இரண்டு வாரமாக அண்ணன் அதே பேச்சாக இருந்தார்.

மாமனார் மாமியார், என் அம்மா, மற்ற உறவுகள் எல்லாம் வேனில் முன்னால் போய்விட்டார்கள். அண்ணனின் வேனைத்தான் வேறு டிரைவர் ஓட்டிப் போனார். அண்ணனை அவிநாசிபாளையத்தில் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. புது வேட்டி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ரோஸ் காகிதத்தில் மடித்த தோடு. கார்க் கதவைத் திறந்ததும் அவர் பார்த்தது தன் மருமகன் வார்களுக்குள் உட்கார்ந்து தன்னைப் பார்த்துக் கைகால் ஆட்டுவதை.

"மாமன் மடி இருக்கறப்ப மாப்ளைக்கு எதுக்கு அம்மிணி இந்தப் பக்கெட்டு? எடுத்துக் குடு."

கோயிலில் மடியில் வைத்துக்கொள், காரில் வேண்டாம் என்றேன். அவர் விளையாட்டு என்று நினைத்தார். வார்க் கொக்கியைத் தேடினார். நான் முன்சீட்டிலிருந்து இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணனின் கையை அப்படித் தடுத்தது அதற்கு முன் நடந்ததே இல்லை. என் கணவர், நல்ல நேரம் போகிறது, இன்றைக்கு ஒரு நாள் கொடுத்துவிடேன் என்றார். நான் மாட்டேன் என்றேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே சிரித்தார்.

"செரி செரி. உன்ற அம்மா லைசென்ஸு குடுக்கமாட்டேங்கறா மாப்ள. நாம கோயலுக்குப் போயிப் பேசிக்கலாம்."

வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் அவரையும் பெல்ட் போடச் சொன்னேன். அவர் பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு மாட்டுவதற்கு இடம் தேடினார். கொக்கி கவருக்குள் இருந்தது. நான் பிளேடு இருக்கிறதா என்று பையில் துழாவினேன்.

"போச்சாது உடு அம்மிணி," என்றார். பரவாயில்லை என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. "தெனமும் அறுவது பேர ஏத்தி எறக்கறேன். எனக்கொண்ணும் ஆவாது."

பெல்ட்டை விட்டுவிட்டார். அது சுருண்டு மேலே போய்விட்டது.

மகன் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் மாமனும் மருமகனும் ஏறக்குறைய முகத்துக்கு முகம் இருந்தார்கள். அண்ணன் இடது கையை இருக்கையின் விளிம்பில் போட்டுக்கொண்டு ஒரு விரலை அவனிடம் கொடுத்தார். அவன் பிடித்துக்கொண்டான். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவனிடம் அண்ணன் வழியில் போகிற ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டு வந்தார். காற்றாலை, மாடு, லாரி, இன்னொரு காற்றாலை. அவன் அன்றைக்கு அழவே இல்லை.

எதிரில் ஒரு பஸ் லாரியை முந்திக்கொண்டு எங்கள் பக்கத்துக்கு வந்தது. என் கணவர் இடது பக்கம் ஒடித்தார். கார் மண்ணில் இறங்கி, வாய்க்கால் பாலத்தின் சுவரில் போய் மோதி நின்றது. இதைச் சொல்ல எடுக்கும் நேரம்கூட ஆகவில்லை.

என் தோளில் பெல்ட் பதிந்திருந்தது. என் கணவருக்கு முழங்காலில் அடி. பின்னால் மகன் வீறிட்டான். அந்த அழுகையைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைக்கமுடியாது. அவன் உடம்பில் ஒரு சிராய்ப்பும் இல்லை. அவன் உட்கார்ந்தபடியே இருந்தான்.

அண்ணன் இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே வந்து விழுந்திருந்தார். நெற்றி அடிபட்டிருந்தது. ரத்தம் அதிகம் இல்லை. பேச்சு இல்லை. ஆனால் அவருடைய இடது கை மட்டும் பின்னால் நீண்டு குழந்தையின் இருக்கை விளிம்பிலேயே இருந்தது. சாம்பல் நிற உறையை விரல்கள் கொத்தாகப் பிடித்திருந்தன. ஓடி வந்த தோட்டத்துக்காரர்கள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவரை வெளியே எடுக்க முடிந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலை போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் என் மகனைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்த இருக்கை மட்டும் இல்லை என்றால், மாமன் மடியில் மட்டும் இருந்திருந்தால் என்று சொல்லிச் சொல்லி என் கெட்டிக்காரத்தனத்தைப் புகழ்ந்தார்கள். மாமியார் என் தலையில் கைவைத்து, கட்டி வெச்சதுதான் சாமி காப்பாத்துச்சு என்று அழுதார். நான் எங்கே போய் முகத்தை வைப்பேன். அவர்கள் சொன்னது பொய்யில்லை. அதே வாயால் அவர்கள் சொல்லாமல் விட்டது வலது பக்கத்துக் கொக்கி. அதை யாரும் குற்றமாகவே நினைக்கவில்லை. அவர்கள் கார்களிலும் அது கவருக்குள்தான் இருந்தது.

நங்கை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கடைசியாக அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று. நடந்ததை நடந்தபடி சொன்னேன். காற்றாலைகளைச் சொன்னேன், விரலைச் சொன்னேன், உறையைப் பிடித்திருந்த கையைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்துபோய்விட்டார்.

காரியங்கள் முடிந்து நங்கை பூண்டிக்கே போய்விட்டார். கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. அதிலிருந்து எடுத்த குழந்தை இருக்கை எங்கள் வீட்டுப் பின்கட்டில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. மாமியார் அதற்கு ஒருநாள் திருநீறு பூசியிருந்தார். உறையில் பால் கறையும், விளிம்பில் வேறு ஒரு கறையும் இருந்தன. அதைக் கழற்றி, ஊறவைத்து, கையாலேயே துவைத்துக் காயப்போட்டேன். கறை இருக்கும் துணியை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது கம்பெனியில் வந்த பழக்கமா பயமா தெரியாது. காய்ந்ததும் மடித்து அலமாரியில் வைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து நானும் அம்மாவும் பூண்டிக்குப் போனோம். அந்த வீட்டைச் சுற்றிச் சிலை செதுக்கும் கூடங்கள். பேச்சுக்கு நடுவே உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கிளம்பும்போது வாசலில் வைத்து நங்கை கேட்டார்.

"அந்தக் கொளந்த சீட்டு உங்க ஊட்லதான இருக்குது அம்மிணி? எனக்குக் குடுங்களேன்."

நங்கையின் கூடப்பிறந்த அண்ணனிடம் பழைய கார் ஒன்று இருந்தது. தடுப்பூசிக்கு அதில்தான் போய்வந்தார்கள். பாப்பாவுக்காகக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். அங்கிருந்த எல்லோரும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். என்னால் உடனே சரி என்று சொல்ல முடியவில்லை. அது ஒரு மோதலைத் தாங்கிவிட்டது, இனி ஆகாது என்றேன். உள்ளே எங்கே பிடி விட்டிருக்கும் என்று தெரியாது, வார் நைந்திருக்கலாம், பிளாஸ்டிக் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம், இன்னொரு தடவை தாங்காது. இழுத்துப் பார்த்த பட்டனைப் பற்றிக்கூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது தட்டிக்கழிப்பதுபோல இருந்தது.

நங்கை கேட்டு முடித்தார். "செரிங்க," என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா, அவிநாசி ரோடு வந்தபிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான்."

பேச்சு பரவிற்று. தன் பிள்ளையைக் காப்பாற்றியதை அண்ணன் பிள்ளைக்குக் கொடுக்க மனசு வரவில்லை என்று. ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தி என் காதுபடவே, "ராசியான பொருளைக் கைமாத்தமாட்டாங்கல்ல" என்றாள். இன்னொருத்தி, "படிச்சவங்க, காரணமும் அவங்களே வெச்சிருப்பாங்க" என்றாள். என் கணவர்கூட, கொடுத்துவிடு, அவர்கள் எங்கே வேகமாகப் போகப்போகிறார்கள், பூண்டிக்கும் அவிநாசிக்கும்தானே என்றார். அன்றைக்கு நாங்களும் வேகமாகப் போகவில்லை என்றேன். அவர் வெளியே போய்விட்டார்.

எனக்கே சந்தேகம் வந்தது. கையேட்டில் எழுதியவர்கள் புதிதாக ஒன்று விற்பதற்காக எழுதியிருந்தால்? மடியைவிட அது மேல்தானே? பின்கட்டில் உட்கார்ந்து கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. வார்களை முறுக்கிப் பார்த்தேன். நல்ல கெட்டியாகத்தான் இருந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியாததுதான் அதில் பயம். என்னால் ஆகும் என்றும் சொல்ல முடியவில்லை, ஆகாது என்று நிரூபிக்கவும் முடியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அம்மா போன் பண்ணி, அண்ணனின் வேனை ஓட்டிய டிரைவர் நல்லூர்ப் பக்கம் வருகிறார், அவரிடம் அந்த இருக்கையைக் கொடுத்தனுப்பு, பூண்டியில் இறக்கிவிடுவார், பேச்சு அதோடு தீரட்டும் என்றார். நான் இல்லை என்று வாதாடவில்லை. போனை வைத்துவிட்டு உள்ளே போய்த் துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துவந்தேன். வார்கள் சட்டைத் துணி மாதிரி இல்லை, கத்தரி வழுக்கியது. மென்று மென்று வெட்டுவதுபோல வெட்டினேன். தோள் வார் இரண்டு, நடு வார் ஒன்று. வெட்டி முடிந்தபோது கட்டைவிரல் தோல் உரிந்திருந்தது. மகன் நிலைப்படியைப் பிடித்து நின்றுகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிரைவர் வந்தபோது, உடைந்துவிட்டது, கொடுக்கமுடியாது என்று சொல்லி அனுப்பினேன். மாமியார் அறுந்த வார்களைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் சாப்பிடவில்லை. கூட்டை மறுவாரம் பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவர் தராசில் வைத்து நிறுத்து எடுத்துப்போனார்.

அதன் பிறகு நங்கை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அழைத்தால் பாப்பாவுக்குச் சளி என்பார், தூக்கம் என்பார். குரலில் மரியாதை குறையவே இல்லை. அந்த "ங்க" ஒவ்வொன்றும் ஒரு முழம் தள்ளி நின்று பேசிற்று. அண்ணன் போய், அண்ணனின் மிச்சமாக இருந்த நங்கையும் பாப்பாவும் போய்விடுவார்களோ என்பதுதான் அந்த மாதங்களில் என் பயம். வளர வளரப் பாப்பாவுக்கு அண்ணனின் புருவம் வருகிறது என்று அம்மா சொன்னார். நான் பார்க்கவில்லை.

என் கணவரை நச்சரித்து, அந்த வெளிநாட்டுப் பெண்மணிக்கு எழுதச் சொன்னேன். இந்த ஊரில் அப்போது அப்படி ஒன்றை எங்கே கேட்பது என்றே எங்களுக்குத் தெரியாது. அடுத்த பருவத்துக்குச் சரக்குப் பார்க்க வந்தபோது அவர் இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்று வளர்ந்துவிட்ட என் மகனுக்கு, ஒன்று பாப்பாவுக்கு.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் பூண்டிக்குப் போனேன். நங்கை வாசலில் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். புருவம் அண்ணனுடையதுதான். பெட்டியைப் பிரித்து இருக்கையை வெளியே வைத்தேன். புதுசு, எதிலும் மோதாதது, பாப்பாவுக்கு என்றேன். அவர் அதைப் பார்த்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்குதுங்க," என்றார். பிறகு, "நான் அன்னைக்குப் பாப்பாவ வெக்கறதுக்குக் கேக்கலீங்க அம்மிணி."

நான் புரியாமல் நின்றேன்.

"அவுரு கை கடைசியா அதும்மேலதான் இருந்துதுன்னு நீங்கதான சொன்னீங்க. சும்மா ஊட்ல வெச்சுக்கலாம்னுதான் கேட்டேன். நீங்க காரணமெல்லாஞ் சொன்னீங்க. அப்பறம் எப்படிங்க நான் இதைச் சொல்றது?"

பக்கத்துக் கூடத்தில் உளி விழுந்துகொண்டே இருந்தது. நான் வெட்டிய வார்களும் தராசில் ஏறிய கூடும் என் கண்ணுக்குள் வந்து நின்றன. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், எதற்கு நங்கை என்று. அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூலையில் வைத்துக்கொள்ளக் கொடுத்திருப்பேனா? வீட்டில் இருந்தால் ஒருநாள் யாராவது அதைக் காரில் வைத்துவிடுவார்கள் என்று பயந்து அப்போதும் வெட்டியிருப்பேனா? அதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். விடை மாறிக்கொண்டே இருக்கிறது.

உறை மட்டும் இருக்கிறது என்றேன். மறுநாளே கொண்டுபோனேன். கட்டிலில் உட்கார்ந்து மடியில் விரித்துக்கொண்டார். விளிம்பு எங்கே என்று கேட்டார். அண்ணன் பிடித்திருந்த இடத்தைக் காட்டினேன். அங்கே கையை வைத்துப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனார். கீழே இறக்கினார்.

"தொவைச்சுட்டீங்களா," என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

போச்சாது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். எங்கள் பக்கத்தில் யாரும் எதற்கும் சொல்லும் சொல்தானே. அவர் சொல்லவில்லை. உறையை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். பாப்பா புது இருக்கையின் வாரைப் பிடித்து வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். நங்கை எழுந்துபோய் அவளை விடுவித்துத் தூக்கினார்.

நங்கையுடைய அண்ணனின் கார் வாசலில் நின்றது. அதிலும் கவர் போட்டிருந்தது, அதிலும் கொக்கிகள் உள்ளே இருந்தன. நான் இந்தத் தடவை பிளேடு கொண்டுபோயிருந்தேன். யாரையும் கேட்கவில்லை. இரண்டு பக்கத்துத் தையலையும் பிரித்தேன். இருக்கையைப் பிணைத்தேன். நங்கை பாப்பாவைக் கொண்டுவந்து அதில் உட்காரவைத்தார். அவளும் அழத்தான் செய்தாள்.

"எத்தன எறுக்கோணும்?" என்று கேட்டார்.

ஒரு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது என்றேன். அவர் வாருக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். பாப்பாவின் நெஞ்சு விம்மி அதில் இடித்திருக்கும். விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றார். பிறகு சுற்றிவந்து மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, வெளியே எடுத்துவைத்த அந்தக் கொக்கியில் தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். வண்டி எங்கும் போகவில்லை. ஓட்ட ஆள் இல்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். பாப்பா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

என் மகனுக்கு இன்னும் காது குத்தவில்லை. அண்ணனின் சட்டைப் பையிலிருந்து எடுத்த, ரோஸ் காகிதத்தில் மடித்த தோடு நங்கையிடம் இருக்கிறது.